குளத்துக்கு வந்த மாற்றல் உத்தரவு

எங்கள் ஊர்க் குளத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஏந்தலூரில் அது பணியில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பொதுவாக ஒரு குளத்தை ஒரே ஊரில் மூன்று வருஷத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள், ஊர்க்காரர்களோடு ரொம்ப ஒட்டிக்கொண்டுவிடும் என்பதால். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியிருந்தோம். மூன்றாவது முறை யார் எழுதிக் கேட்பது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். உத்தரவைப் படித்துறையின் இரண்டாவது படியில் ஒட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏந்தலூரிலிருந்து விடுவிக்கப்பட்டு, திங்கட்கிழமை முற்பகலில் கல்லுப்பொட்டலில் பணியில் சேரவேண்டும் என்று இருந்தது. நடுவில் சனி, ஞாயிறு பயணக் காலம்.

கல்லுப்பொட்டல்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குப் பதினாறு வருஷமாகக் குளம் கிடையாது. காலியாக இருக்கும் பள்ளத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று கேள்வி. குளத்தைக் கொண்டுபோவதும் பெரிய காரியம் இல்லை. பக்கத்து ஊர் ஊருணி போனபோது நான் நின்று பார்த்திருக்கிறேன். நான்கு பேர் வந்து நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி, வேட்டியை மடிப்பதுபோல மடித்து, தார்ப்பாயில் சுற்றிக் கயிறு போட்டு ஏற்றிவிட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

என் கவலை எல்லாம் அக்காவைப் பற்றியது. கரையிலிருந்து ஒன்பது அடிக்குள் இருப்பதெல்லாம் குளத்தின் உடைமை என்பது விதி. குளம் எங்கே போகிறதோ அங்கே அவையும் போகவேண்டும். அக்காவின் வீடு ஏழடியில் இருக்கிறது.

என் அக்கா சௌந்தரவல்லிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. இனி ஒருபோதும் சாமான் கட்டக்கூடாது என்பது. அத்தானுக்கு அரசு விதைப் பண்ணையில் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு ஊர். ஒரு ஊரில் பால்காரர் பெயர் மனதில் நிற்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். அத்தான் இறந்த பிறகு ஏந்தலூருக்கே திரும்பி வந்து, குளக்கரையில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டாள். நாற்பத்து மூன்று அட்டைப் பெட்டிகளையும் ஒரேயடியாகப் பிரிக்கவில்லை. மனசுக்கு நம்பிக்கை வர வர ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசிப் பெட்டியை இந்த வருஷம் பொங்கலுக்குத்தான் பிரித்தாள். அதில் பழைய செய்தித்தாளும் எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத ஒரு மூடியும் இருந்தன. காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டு வந்து, அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பாயசம் வைத்தாள்.

புதன்கிழமை காலை நீர்நிலை மாற்றல் பிரிவிலிருந்து மணவாளன் என்ற அலுவலர் நாடாவோடு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அளந்தார். உடைமைப் பட்டியலில், படித்துறை ஒன்று, ஒதியமரம் ஒன்று, அதற்குக் கீழே அக்கா ஒன்று, வீடு ஒன்று என்று எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். அக்கா எழுத்து மாறாமல் கையெழுத்துப் போட்டாள். அவர் போனதும் முந்தானையைச் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். மளிகைக் கடையில் அட்டைப் பெட்டி இருக்குமா பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மணவாளனின் பின்னாலேயே ஓடி, பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். உத்தரவை நிறுத்த வழியே இல்லையா என்று கேட்டேன். ஒரு வழி உண்டு என்றார். வாத்தியார்களுக்குப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் படித்தால் மாற்றலில் சலுகை கொடுப்பதில்லையா, அதுபோலக் குளத்துக்கும் உண்டு. தன்னைச் சார்ந்து வாழ்கிறவர்கள் பன்னிரண்டு வகையினர் இங்கே இருக்கிறார்கள் என்று காட்டவேண்டும். குளம் தானே விண்ணப்பம் எழுத முடியாது என்பதால் ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். குளத்துச் சிற்றுயிர்களைப் படம் எடுத்து ஒரு செயலியில் ஏற்றவேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் எங்கெங்கோ இருந்து அதைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஒருவர் சொன்னால் போதாது. இரண்டு பேர் ஒத்துக்கொண்டால்தான் அந்த உயிர் இருப்பதாகக் கணக்கு.

"மீன் சேராது சார். மீனுக்கு எந்த ஊரும் ஒத்துக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

எனக்குப் போன உயிர் வந்தது. இருபத்தாறு வருஷமாக நான் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தணிகாசலம் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ என்றால் தாலுகா முழுக்கத் தெரியும். படம் எடுக்க ஸ்டூடியோவில் தொங்கவிட்டிருக்கும் என் கோட்டையும் டையையும் ஒருமுறையாவது போடாதவர் ஏந்தலூரில் கிடையாது. எலுமிச்சம்பழம் அளவு முகத்தையே நான் மாதுளம்பழமாக்கி அனுப்புகிறவன். பூச்சியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

அன்றைக்கே ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, செல்போனில் மாட்டும், சின்னதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றும் வெள்ளை எனாமல் தட்டு ஒன்றும் எடுத்துக்கொண்டு படித்துறைக்கு வந்தேன். அக்கா டீ வடிகட்டியைக் கொண்டுவந்தாள். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று வடிகட்டியால் அள்ளித் தட்டில் விடுவாள். நான் எடுப்பேன். முடிந்ததும் திரும்பக் குளத்தில் விட்டுவிடுவாள்.

முதலில் வந்தது நீர்த்தேள். வாலில் இருக்கும் மூச்சுக் குழலை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் பேச்சுக் கொடுத்துச் சரிசெய்தேன். நத்தை, நான் ரெடி சொல்லும்போதெல்லாம் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது. மல்லாந்து நீந்தும் பூச்சியை நேராக இருக்கச் சொல்லிப் பார்த்தேன், அதற்கு அதுதான் நேர் என்று பிறகுதான் புரிந்தது. இறால் கண்ணாடி மாதிரி இருந்ததால் பின்னால் நீலத்துணி பிடிக்கவேண்டி வந்தது. முதுகு நிறைய முட்டைகளைச் சுமந்துகொண்டு ஓர் ஆண் பூச்சி வந்தது. குடும்பப் படமாக எடுத்துக்கொடுத்தேன். அட்டை மட்டும் வடிகட்டிக்குக் காத்திராமல் அக்காவின் காலிலிருந்தே நேராகத் தட்டுக்கு வந்தது.

தண்ணீர்மேல் ஓடும் பூச்சியை நிற்கவைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. வியாழக்கிழமை மதியம் கடைசியாக வந்தது, முதுகில் மஞ்சள் புள்ளிகள் போட்ட ஒரு நீர்வண்டு. கூச்ச சுபாவம். தாடையைக் கொஞ்சம் இறக்கு என்று சொன்னேன், அதற்குத் தாடை எங்கே இருக்கிறது என்று இருவருமே தேடினோம். அதோடு பதினோரு வகை ஆயிற்று. பன்னிரண்டாவது எங்கேயாவது தென்படும் என்று இருந்துவிட்டு, எடுத்த வரைக்கும் சரிசெய்து ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் பதில்கள் வந்தன. எங்கள் படங்களைப் பார்க்க அமைந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குன்னூரில் பல் டாக்டர். இன்னொருவர் சாயல்குடிப் பக்கம் பஸ் கண்டக்டர். ஒருவர் நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவில் பார்ப்பார், மற்றவர் நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் பார்ப்பார். முதல் படத்துக்குக் கீழே பல் டாக்டர், "இப்படி ஓர் உயிர் கிடையாது" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கண்டக்டர், "ஒத்துக்கொள்கிறேன். கிடையாது" என்று எழுதியிருந்தார். பதினோரு படத்துக்கும் அதே பதில்தான்.

குளத்தைப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. தாங்கள் கிடையாது என்று இரண்டு பேர் ஒத்துக்கொண்ட பிறகு அசைவது முறையில்லை என்று அவை நினைத்திருக்கும்.

அக்கா செல்போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நீர்வண்டு வந்ததும் நிறுத்தினாள். அதன் முதுகில் ஒரு புள்ளி கூட இல்லை. எல்லாப் படத்துக்கும் செய்கிறதைத்தான் இதற்கும் செய்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தன் பாட்டுக்குச் செய்துவிடும். கரும்புள்ளி, மஞ்சள் புள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கொஞ்சம் வெளுப்பாக்கி, கால் முடிகளைத் துடைத்து, நீர்த்தேளின் குழலைக்கூட லேசாக நேராக்கி வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் அதற்குத்தான் டச்சப் என்று பெயர். அது இல்லாமல் ஒரு படத்தை வெளியே விட்டால் ஸ்டூடியோவுக்குக் கெட்ட பெயர்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு இடது தாடையில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு.

"நீ ஸ்டூடியோ வச்ச நாள்லேர்ந்து என்னோட போட்டோ எல்லாம் நீதான் எடுத்துருக்க, தணிகா. ஒண்ணுலயாவது என் மச்சம் இருக்கா?"

இல்லை. நான் யோசித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் அதைத்தான் முதலில் எடுப்பேன். அக்காவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துச் செய்தேன்.

பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். போன ஊரிலெல்லாம் புது ரேஷன் கார்டு, புது பாஸ்புக். சான்றிதழில் அங்க அடையாளம், இடது தாடையில் ஒரு மச்சம் என்று போட்டிருக்கும். கவுன்டரில் இருப்பவர் அதைப் படிப்பார், படத்தைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார். அம்மா, இது நீங்க இல்லையே என்பார். ஒரு ஊரில் அவள்தான் அவள் என்று நிரூபிக்க ஐந்து மாசம் ஆனது. இன்னொரு ஊரில் நிரூபித்து முடிப்பதற்குள் அத்தானுக்கு அடுத்த மாற்றல் வந்துவிட்டது. பதினோரு ஊரிலும் வேறு யாரோ ஒருத்தியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடியிருந்ததாகச் சொன்னாள்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ ஆசையா எடுத்துக் குடுத்த. அழகாவும் இருந்துச்சு. நான்தான் அதுல இல்ல" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பத்து மூன்று வயதில் குளத்துப் படியில் உட்கார்ந்து, நான் அழித்த மச்சங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஏந்தலூரில் பாதிப் பேர் தாங்கள் யார் என்று எங்கேயாவது நிரூபித்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் திரும்ப வந்தோம். குளம் அப்படியே கிடந்தது. நான் தண்ணீரில் இறங்கி, தப்பு என்னுடையது, இனி யார் முகத்திலும் கைவைக்கமாட்டேன், உள்ளது உள்ளபடி எடுப்பேன் என்று சத்தமாகச் சொன்னேன். அக்கா வடிகட்டியைத் தண்ணீரில் மெல்ல ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள். சுமார் எட்டு மணிக்கு நத்தை கண்ணை வெளியே நீட்டியது. அதைப் பார்த்து மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன.

படம் எடுத்தேன், அப்படியே ஏற்றினேன். நீர்த்தேளின் குழல் கோணலாகவே போனது. கால் முடி, வயிற்று அழுக்கு எல்லாம் இருந்தபடியே போயின. தட்டில் விழுந்த வெயில், விளிம்பில் ஒட்டியிருந்த பாசி, எதையும் வெட்டவில்லை. விரல் அரித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீர்வண்டு கடைசியாக வந்தது. புள்ளிகளோடு தன்னை எடுப்பேனா என்று ஒருமுறை தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நின்றது. அக்கா அது பயந்துவிடக் கூடாது என்று தட்டுக்குமேல் குனிந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது வரவில்லை. பாசியைப் புரட்டினோம், கல்லைத் தூக்கினோம், ஒதியமரத்து வேரில் வடிகட்டியை விட்டுத் துழாவினோம். வந்தவையே திரும்பத் திரும்ப வந்தன. முட்டை சுமந்த பூச்சி மூன்று தடவை வந்து, தன்னை இன்னொரு முறை சேர்த்துக்கொள்ளலாமா என்பதுபோல நின்றது. மத்தியானம் மணவாளன் நான்கு ஆட்களோடும் தார்ப்பாயோடும் வந்துவிட்டார். பதில்களும் வர ஆரம்பித்தன. நீர்த்தேள், ஒத்துக்கொள்கிறேன். நத்தை, ஒத்துக்கொள்கிறேன். மணவாளன் பொறுமையாக ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். பத்து வரை வந்து நின்றது. நீர்வண்டுக்கு மட்டும் பதில் வரவில்லை. வந்தாலும் பதினொன்றுதான்.

"ஒண்ணு குறையுது சார். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு" என்றார் மணவாளன். ஆட்கள் வடக்கு மூலையைத் தூக்கி ஒரு மடிப்பு மடித்தார்கள். அக்கா ஈரக்காலோடு வீட்டுக்குள் போனாள். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன்.

ஆட்கள் கிழக்கு மூலைக்குப் போனபோது செல்போன் மணியடித்தது. பல் டாக்டரின் பதில் கொஞ்சம் நீளமாக இருந்தது. மஞ்சள் புள்ளி நீர்வண்டு என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதன் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தார். "படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தட்டுத் தண்ணீரின் இடது பக்கம் தெரிவது பெண், முதிர்ந்த நிலை. இடது தாடையில் மச்சம் ஒன்று. இந்தக் குளத்தைச் சார்ந்து வாழ்வது. இடம்பெயரும் வகை அல்ல."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீர்வண்டுக்குப் பக்கத்தில், தண்ணீரில், குனிந்த அக்காவின் முகம் விழுந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதைத்தான் முதலில் துடைத்திருப்பேன்.

இரண்டாவது ஆள் ஒத்துக்கொள்ளவேண்டும். மணவாளன் கையை உயர்த்தி ஆட்களை நிறுத்தினார். எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்டக்டரின் பஸ் அப்போது ஏதோ ஒரு பெரிய நிறுத்தத்தில் நின்றிருக்கவேண்டும். பதினெட்டு நிமிஷம் ஆனது. ஆட்கள் மடித்த மூலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் அவர்கள் முழங்கையில் சொட்டியது.

"நீர்வண்டு, ஒத்துக்கொள்கிறேன். பெண், ஒத்துக்கொள்கிறேன். மச்சம் தெளிவாக இருக்கிறது" என்று வந்தது.

மணவாளன் உடைமைப் பட்டியலை எடுத்து, அக்கா ஒன்று என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். சார்ந்தோர் பட்டியலில் பன்னிரண்டாவது வரியில் சௌந்தரவல்லி என்று முழுப்பெயராக எழுதினார். அங்க அடையாளம் என்ற கட்டத்தையும் நிரப்பினார். ஆட்கள் மூலையைக் கீழே விட்டுத் தண்ணீரை நீவிவிட்டார்கள். வடக்குப் பக்கம் ஒரு மடிப்புக் கோடு மட்டும் நின்றுவிட்டது. நாளாக ஆக அது போய்விடும் என்றார்கள்.

நான் வீட்டுக்குள் போய்ச் சொன்னேன். அக்கா கையில் பாதி சுற்றிய சொம்பு இருந்தது. கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்து மூச்சை அவள் அன்றைக்குத்தான் முழுசாக விட்டாள் என்று தோன்றியது. சொம்பைப் பிரித்து அலமாரியில் வைத்தாள். பிறகு சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டாள். வாடகை வீட்டில் எந்த ஓனரும் அவளை ஆணி அடிக்க விட்டதில்லையாம். சுவரில் தானே ஓர் ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள்.

சனிக்கிழமை மணவாளன் திரும்ப வந்தார். உத்தரவுக்கு எண் போட்டாகிவிட்டது, அது சும்மா திரும்பமுடியாது, ஏந்தலூரிலிருந்து ஏதாவது ஒன்று கல்லுப்பொட்டலுக்குப் போகவேண்டும் என்றார். நியாயம்தான். ஊர்க் கூட்டம் போட்டோம். மேல்காற்றைக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், வடகம் எப்படிக் காயும் என்று பெண்கள் கேட்டார்கள். கடைசியில் சாயங்காலம் நான்கு மணியைக் கொடுப்பது என்று முடிவானது. எங்கள் ஊரில் அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. தூக்கத்துக்குப் பிந்திவிடும், காபிக்கு முந்திவிடும். ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் வந்து ஒரு சாக்கில் போட்டு எடுத்துப்போனார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தை மூன்றரைக்கு மாற்றிக்கொண்டோம்.

கல்லுப்பொட்டலிலிருந்து கடிதம் வந்தது. அங்கே இப்போது இரண்டு நான்கு மணி இருக்கிறதாம். இரண்டாவதில் தரை லேசாக ஈரமாவதாகவும், நேற்று அதில் ஒரு நத்தையைப் பார்த்ததாகவும், படம் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். எழுதி அனுப்பினேன்.

அக்காவிடம் நான்கு மணி போய்விட்டதே, உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன்.

"நல்லதாப் போச்சுடா. பதினோரு ஊர்லயும் சாமான் ஏத்துற லாரி நாலு மணிக்குத்தான் வந்துச்சு" என்றாள்.

இப்போதெல்லாம் மூன்று ஐம்பத்தொன்பதுக்கு அவள் அடுப்பில் பால் வைக்கிறாள். ஐந்து மணிக்குப் பொங்குகிறது.